சைகோன் வகுப்புப் படம்

1960-ம் ஆண்டு சைகோனில் எடுத்த எங்கள் வகுப்புப் படம் என்னிடம் இல்லை. வீட்டில் இருந்த ஒரே பிரதி 1961-ல் எங்களோடு கப்பலேறி வந்தது. புதுச்சேரிக் கடற்காற்றில் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஒரு நாள் பிரிக்கப் போய்ப் பாழாயிற்று. 58 ஆண்டுகள் கழித்து, 2019 தீபாவளிக்கு மறுநாள், என் மகள் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, “அப்பா, இதுல நீங்க இருக்கீங்களா பாருங்க” என்றாள். அதே படம்.

சைகோனில் பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்தவர்கள் முகநூலில் பழைய படங்களைப் போட்டு ஒருவரையொருவர் தேடுகிறார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே பிரெஞ்சில் ஒரு குறிப்பு இருந்தது. மூன்றாவது வரிசை, இடமிருந்து இரண்டாவது, எண்ணெய் வழியும் தலை, புதுச்சேரிப் பையன், இப்போது எங்கே இருக்கிறானோ என்று எழுதியிருந்தான். எழுதியவன் பெயர் வியட்நாமியப் பெயர். யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மகளிடம் “ஆமாம், நான்தான்” என்று மட்டும் சொன்னேன்.

பதில் எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. ஏன் அத்தனை நாள் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் கடைசியில் ஒரு காகிதத்தில் வந்து நிற்கும்.

இன்றைக்கும் புதுச்சேரியில் சில வீடுகளில் விசேஷ நாட்களில் நெம் பொரிப்பார்கள். பேரப்பிள்ளைகள் அதைப் பிரெஞ்சுப் பலகாரம் என்று நினைக்கிறார்கள். அது சைகோனிலிருந்து நம் தாத்தாக்களின் பெட்டியில் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1859-ல் சைகோனைப் பிடித்தார்கள். பிடித்த நாட்டை நடத்த, பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் வேண்டும். பிரான்சிலிருந்து துரைமார்களை இறக்கினால் சம்பளம் அதிகம், வெயிலும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. புதுச்சேரி, காரைக்கால் பையன்கள் ஏற்கெனவே அந்த மொழியில் படித்து, வேலையில்லாமல் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். வரி வசூல், தபால், சுங்கம், போலீஸ், சிறைக்காவல், கலங்கரை விளக்கம் என்று எல்லா இடத்திலும் நம்மவர்கள் போய் உட்கார்ந்தார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினர் ரெனோன்சான்கள். இளம் வாசகர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். 1881 செப்டம்பர் 21-ம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் பிறந்த ஒருவர் தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறப்பதாகக் கையெழுத்துப் போடலாம். போட்டால் ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு கல்யாணம், பிள்ளை, பாகப்பிரிவினை எல்லாம் அவருக்கும் அவர் சந்ததிக்கும் பிரெஞ்சு சிவில் சட்டப்படிதான். சைகோனில் இவர்கள் பிரெஞ்சுக்காரர்களோடு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். மற்ற தமிழர்களுக்கும் வியட்நாமியருக்கும் இது கண்ணை உறுத்தியது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

உத்தியோகஸ்தர்களைத் தவிர வேறு தமிழர்களும் அங்கே உண்டு. ஒஹியே வீதியில் செட்டியார்களின் வட்டிக்கடைகளும் அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும். கத்தினா வீதிப் பக்கம் முஸ்லிம்களின் துணிக்கடைகள். அவர்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நடுநகரத்தில் நிற்கிறது. மாரியம்மன் கோயிலுக்கு எங்களைவிட வியட்நாமியப் பெண்கள்தான் அதிகம் வருவார்கள். மாடு வைத்துப் பால் ஊற்றியவர்களும் தமிழர்களே. எல்லோருக்கும் சேர்த்து உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் ‘சா வா’, அதாவது ஜாவாக்காரன். நமக்கும் ஜாவாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா சலித்துக்கொள்வார். கொஞ்சம் பிரியமாகக் கூப்பிட்டால் ‘அன் பாய்’, ஏழாவது அண்ணன்.

அப்பா 1937-ல் போனவர். கருவூலத்தில் எழுத்தர். ரெனோன்சான் இல்லை, குடுமியை எடுத்ததோடு சரி. யுத்தம், ஜப்பான்காரன், பஞ்சம் எல்லாவற்றையும் பார்த்தவர். நேதாஜி 1945 ஆகஸ்ட் 17-ம் தேதி சைகோன் விமான நிலையத்திலிருந்துதான் தம் கடைசிப் பயணம் புறப்பட்டார். சைகோன் தமிழர்களில் பாதிப் பேர் அன்று தாங்கள் கையசைத்து வழியனுப்பியதாகச் சொல்வார்கள். அப்பா மட்டும் சொன்னதில்லை. அன்று மலேரியாவில் படுத்திருந்தாராம்.

நான் 1948-ல் அங்கே பிறந்தேன். எனக்கு ஐந்து வயதானபோது, 1953 மே மாதம், ஒரு பியாஸ்தர் 17 பிராங்க் என்றிருந்ததை ஒரே நாளில் 10 ஆக்கினார்கள். ஊருக்குப் பணம் அனுப்பியே பழகிய நம்மவர்களுக்கு அது பெரிய அடி. அடுத்த ஆண்டு தியன் பியன் பூ விழுந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் புதுச்சேரி கை மாறியது. அப்பா தெருவில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார். பிரெஞ்சு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக மூட, ஒரு பிரெஞ்சு வியாபாரக் கம்பெனியில் கணக்கெழுதப் போனார்.

1959-ல் நான் லிசேயில் சிசியேம், அதாவது நம் கணக்கில் ஆறாம் வகுப்பு, சேர்ந்தேன். அந்த லிசேக்கு ஒரு காலத்தில் ஷாஸ்லூ-லோபா என்று பெயர். கம்போடியாவின் சிகானுக் அங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான் 1941-ல் அவரை அரசராக்கினார்கள். எங்கள் காலத்தில் ழான்-ழாக் ரூசோ என்று பெயர் மாறியிருந்தது. மஞ்சள் கட்டடம், நீண்ட வராந்தா, முற்றத்தில் மரங்கள். ஜனாதிபதி மாளிகை பக்கத்திலேயே. 1960 நவம்பர் 11-ம் தேதி விடியற்காலை பாராசூட் படைக்காரர்கள் மாளிகையைச் சூழ்ந்து சுட்டார்கள். எங்களுக்குப் பள்ளி விடுமுறை. யாருக்கு எதிராக யார் என்று எங்களுக்குத் தெரியாது. கணக்குப் பரீட்சை தள்ளிப்போயிற்று என்பது மட்டும் தெரியும்.

படத்தில் எனக்கு வலப் பக்கம் நிற்பவன்தான் அந்தக் குறிப்பை எழுதியவன். 1949 ஜனவரியில் பிறந்தவன். அவன் அம்மா வியட்நாமியப் பெண், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஹூ தியூ கடை வைத்திருந்தார். அப்பா தமிழர், புதுச்சேரி, கிறிஸ்தவர், ரெனோன்சான், என் அப்பாவோடு கருவூலத்தில் வேலை பார்த்தவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். பையனுக்கு அம்மா வழிப் பெயர்தான். அப்பா பெயர் பள்ளிப் பதிவேட்டில் கிடையாது. மாமா 1955-ல் விடுப்பில் ஊருக்கு வந்தபோது இங்கே முறைப்படி கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியை இங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். சைகோனில் இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அப்படி எத்தனையோ வீடுகள் இருந்தன.

பையனுக்குத் தமிழில் வா, போ, சோறு, சும்மா இரு என்ற நான்கும் தெரியும். நான்கையும் சேர்த்தே ஒரு வாக்கியமாகச் சொல்வான். ஞாயிறு காலையில் எங்கள் வீட்டுக்கு இட்லி சாப்பிட வருவான், சட்னி வேண்டாம் என்று நுக்மாம் கேட்பான். மீன் சாற்றை இட்லியில் ஊற்றுவதா என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் அவனுக்கென்று ஒரு சின்ன குப்பி அடுப்படிக்கு வெளியே வைத்திருந்தாள்.

1961 ஜூலையில் நாங்கள் ஊர் திரும்பினோம். அதே கப்பலில் மாமாவும் வந்தார். துறைமுகத்தில் மெஸாழரி மரிதீம் கட்டடத்துக்கு எதிரே அவனும் அவன் அம்மாவும் நின்றார்கள். மாமா குனிந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, “ஆறு மாசம்” என்று பிரெஞ்சில் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், காதால் கேட்டேன். கொழும்பு வரைக்கும் கப்பல், பிறகு ரயிலில் தலைமன்னார், படகில் தனுஷ்கோடி, அங்கிருந்து போட் மெயிலில் விழுப்புரம். வழி நெடுக மாமா எங்களுக்கு ஆரஞ்சு வாங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

இப்போது அந்த ஒப்பந்தம். 1956-ல் கையெழுத்தாகி, பிரெஞ்சுப் பாராளுமன்றம் இழுத்தடித்து, 1962 ஆகஸ்ட் 16-ம் தேதிதான் அமலுக்கு வந்தது. அன்றைய தேதியில் ஒருவர் எங்கே குடியிருந்தார் என்பதுதான் கணக்கு. புதுச்சேரியில் பிறந்து இங்கேயே குடியிருந்தால் தானாகவே இந்தியர். பிரெஞ்சுக்காரராகத் தொடர வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். புதுச்சேரியில் பிறந்து சைகோன் போல மூன்றாவது நாட்டில் இருந்தவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். அவர்கள் ஒன்றும் செய்யாமலே பிரெஞ்சுக்காரர்கள். இந்தியராக வேண்டுமென்றால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆக, ஊர்ப்பாசத்தில் முன்கூட்டியே திரும்பியவர் கையெழுத்துப் போட்டால்தான் பிரெஞ்சு, சைகோனிலேயே சும்மா உட்கார்ந்திருந்தவர் சும்மாவே பிரெஞ்சு. படத்தில் முதல் வரிசையில் இருக்கும் காரைக்கால் துணிக்கடைக்காரர் மகன் அந்த வகை. 1976-ல் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறி, இப்போது பாரிசுக்கு வெளியே பேரன் பேத்திகளோடு இருக்கிறான். இன்னொருவனின் தகப்பனார் இங்கே வந்து கையெழுத்துப் போட்டார். பையன் பிரெஞ்சு இராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்து, இன்று டிசம்பர் தோறும் வந்து கடற்கரைச் சாலையில் குட்டைக் கால்சட்டையோடு நடக்கிற சொல்தாக்களில் ஒருவன். என் அப்பா கையெழுத்துப் போடவில்லை. “பொங்கல் கொடுத்துட்டு இப்ப போயி எழுதிக் கொடுக்கச் சொல்றியா?” என்று அம்மாவிடம் கேட்டார். அதனால் நான் இந்தியன், அதனால்தான் எனக்கு அரசாங்க வேலை. இதில் எனக்குக் குறையில்லை. வருஷத்தில் ஒன்றிரண்டு நாள், பென்ஷன் வித்தியாசத்தைக் கேள்விப்படும்போது மட்டும் கொஞ்சம் இருக்கும்.

மாமா கையெழுத்துப் போட்டார். பிரெஞ்சுக்காரராகவே இருந்தார். சைகோனுக்குத் திரும்பிப் போகவில்லை. இங்கே இரண்டு பெண் குழந்தைகள்.

1968-ல் நான் அரசுப் பணியில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வயது 20. பிரெஞ்சு தெரியும் என்பதால் பழைய பிரெஞ்சுக் கோப்புகள் இருந்த பிரிவில் போட்டார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி, அதில் சிவப்பு அட்டை போட்ட தால்லோஸ் சிவில் சட்டப் புத்தகம் உட்பட சட்டப் புத்தகங்கள். ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் மாமா வந்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, விமானத் தபால் உறையை எடுத்தார். பின்பக்கம் அனுப்புநர் முகவரி. எழுத்தைப் பார்த்தவுடன் தெரிந்தது, 7-க்கு நடுவில் கோடு போடுவதை அவன் அழுத்திப் போடுவான்.

அந்த ஜூனில்தான் தென் வியட்நாமில் பொது அணிதிரட்டல் சட்டம் வந்திருந்தது. 18 முதல் 38 வயது வரை எல்லா ஆண்களும் இராணுவத்துக்கு. அவனுக்கு 19. பிரெஞ்சுக் குடிமக்களைப் பிடிக்க மாட்டார்கள். அவன் கேட்டது ஒரே ஒரு காகிதம். அப்பா இங்கே பிரெஞ்சுத் தூதரகத்தில் போய், இவன் என் மகன் என்று அங்கீகாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி 21 வயது நிறையும் முன் தந்தை யார் என்பது எழுத்தில் ஆகிவிட்டால்தான் குடியுரிமைக்குச் செல்லும், அதற்குப் பிறகு எழுதிப் பயனில்லை. அவனுக்கு 1970 ஜனவரி வரை நேரம் இருந்தது. கடிதம் முழுக்க மரியாதையாக இருந்தது. பணம் கேட்கவில்லை என்பதை இரண்டு தடவை எழுதியிருந்தான்.

மாமா சொன்னார்: “கையெழுத்து போடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா வீட்டுல ரெண்டு பொண்ணு இருக்கு. நாளைக்கு அவன் வந்து இந்த வீட்டுல பங்குன்னு நிக்க முடியுமா? நீ சட்டப் பொஸ்தகம் பக்கத்துலயே உக்காந்திருக்க, உனக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியாது. ஆனால் பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கேட்கிறார். நான் சொன்னேன்: “முடியும் மாமா. அங்கீகாரம் பண்ணிட்டா பிள்ளைதான். பங்கு கேக்கலாம்.”

அவர் கடிதத்தை மடித்தார். “நல்லது தம்பி” என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு சட்டக் கேள்விக்குப் பதில் சொன்ன பெருமையோடு நான் டீ குடிக்கப் போனேன். அன்று இரவு அம்மாவிடம் சொன்னபோது, “பாவம், அந்தப் புள்ள” என்றாள். அவன் முகவரி என் கண்ணில் பட்டிருந்தது, நினைவிலும் இருந்தது. நான் அவனுக்கு எழுதவில்லை. 1970 ஜனவரி வந்து போயிற்று. மாமாவைத் திருவிழாவில், தபால் நிலையத்தில் என்று பார்ப்பேன். தலையசைப்போம். 1979-ல் காலமானார். அடக்கத்துக்குப் போயிருந்தேன்.

1984-ல் ஒரு ரெனோன்சான் குடும்பத்தின் பாகப்பிரிவினைக் கோப்பு என் மேசைக்கு வந்தது. அதற்காகத்தான் முதன்முதலாக அந்த அலமாரியிலிருந்து சிவப்புப் புத்தகத்தை எடுத்தேன். 337-வது பிரிவு. ஒருவர் கல்யாணத்துக்கு முன் வேறொரு பெண்ணிடம் பெற்ற பிள்ளையை, கல்யாணம் ஆன பிறகு அங்கீகரித்தால், அந்த அங்கீகாரத்தால் அவருடைய மனைவிக்கோ, அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கோ எந்தப் பாதகமும் வரக்கூடாது. நெப்போலியன் காலத்திலிருந்து இருந்த பிரிவு. பிரான்சில் 1972-ல்தான் மாற்றினார்கள். 1968 ஆகஸ்டில் அது அப்படியே அமலில் இருந்தது. மாமாவுக்கு 1955-ல் கல்யாணம், பையன் 1949-ல் பிறந்தவன். அந்தப் பிரிவு இவருக்கென்றே எழுதி வைத்தது போல இருந்தது. மாமா தாராளமாகக் கையெழுத்துப் போட்டிருக்கலாம், பெண்களின் பங்கில் ஒரு செங்கல் குறைந்திருக்காது. புத்தகம் என் முதுகுக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. பதினோரு நாள் ஏன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

பன்னிரண்டாம் நாள், “நான்தான், எண்ணெய் இப்போது இல்லை, தலையில் முடியும் இல்லை” என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில். அவன் சைகோனிலேயே இருக்கிறான். அவன் நகரத்தின் புதுப்பெயரைச் சொல்வதில்லை. நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். நான் காலைக் காப்பி குடிக்கும்போது அவன் பேரனைப் பள்ளியில் விட்டு வந்திருப்பான். என் பிரெஞ்சு கோப்புப் பிரெஞ்சு, மேற்படி விஷயம், பார்வைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது என்பது மாதிரி வரும். அவன் பிரெஞ்சு இன்னும் லிசே வாசனையோடு இருக்கிறது. ஏன் என்று பிறகு தெரிந்தது.

அவன் கதையை அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான், வரிசையாகச் சொல்லவில்லை. 1969-ல் அழைத்துக்கொண்டார்கள். படித்தவன் என்பதால் து தூக் அதிகாரிகள் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1972-ல் ஆன் லாக் முற்றுகையில் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. படத்தில் பார்த்தேன், இருக்கிற மூன்று விரல்களால் பேரனின் சைக்கிள் மணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். 1975-க்குப் பிறகு, அதிகாரியாக இருந்த குற்றத்துக்கு இரண்டரை ஆண்டு முகாம். வெளியே வந்து சிக்ளோ மிதித்தான். 1980-களின் கடைசியில் நாடு கொஞ்சம் திறந்துகொண்டதும் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, எழுபது வயது வரை அதையே செய்தான். அம்மா 1994-ல் போய்விட்டார். கடைசி வரை அந்த ஹூ தியூ கடை இருந்தது, ஒரு காலம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, பிறகு திருப்பிக் கொடுத்தது.

முதல் வாரத்திலேயே கேட்டான்: “என் அப்பாவை அங்கே பார்த்தாயா?” பார்த்திருக்கிறேன், 1979-ல் காலமானார் என்று எழுதினேன். அது பொய் இல்லை. நம் அலுவலகங்களில் இப்படிப் பொய் இல்லாத பதில் எழுத நாங்கள் முப்பத்தைந்து வருஷம் பயிற்சி எடுத்தவர்கள்.

2020 ஊரடங்கில் தினமும் பேசினோம். காரைக்கால்காரனும் சொல்தாவும் சில நாள் சேர்ந்துகொள்வார்கள். பாராசூட் படை சுட்ட நாளில் யார் யார் வீட்டில் எந்தக் கட்டிலுக்குக் கீழே ஒளிந்தார்கள் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம். நான்கு பேரும் சிரிப்போம். நான் கைபேசியை அணைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன்.

2021 மே மாதம் எனக்கும் தொற்று வந்தது. பதினாறு நாள் மருத்துவமனை. திரும்பி வந்த மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினேன். நான்கு தடவை எழுதி அழித்தேன். மாமா வந்தது, அவர் கேட்டது, நான் சொன்னது, 337-வது பிரிவு. என் வயதை எழுதினேன், பிறகு அது சாக்குப்போக்கு மாதிரி இருந்ததால் எடுத்துவிட்டேன். அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஒன்பது நாள் இல்லை. மகள், “அவருக்கு என்னப்பா, நெட்டு கிடைக்கலையோ?” என்றாள்.

பத்தாம் நாள் வந்தது. பிரிவு 337 பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் எழுதியது இதுதான். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் 53 வருஷமாக அவன் கேள்வி. அம்மா சாகும் வரை, யுத்த காலம், தபால் தொலைந்திருக்கும், கிடைத்திருந்தால் அவர் செய்திருப்பார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவனும் ஆமாம் என்பான். “கிடைத்தது என்று இன்று தெரிகிறது. கையெழுத்துப் போடுவதில் ஒன்றும் இல்லை என்று சொன்னாரா? அதே வார்த்தையா? தமிழில் அதை எப்படிச் சொன்னார், குரலில் பதிந்து அனுப்பு.”

பதிந்து அனுப்பினேன். என் குரல் அவர் குரல் இல்லை, ஆனாலும் அவர் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு அந்த நான்கு வார்த்தைகளுக்கு மேல் தமிழ் தெரியாது. பல தடவை போட்டுக் கேட்டதாக அவன் மருமகள் பின்னால் சொன்னாள்.

என்மேல் கோபமா என்று கேட்டேன். கோபப்பட்டதாகவும், அந்த ஒன்பது நாளில் அதைத்தான் செய்ததாகவும் எழுதினான். மறுபடி மாலையில் பேச ஆரம்பித்தோம். முன்பு மாதிரியே என்று சொல்லமாட்டேன்.

பிறகு கல்லறையின் படம் கேட்டான். ஊரடங்கு தளர்ந்ததும் ஒரு காலையில் போனேன். புல் மண்டியிருந்தது, காவல்காரரிடம் கத்தி வாங்கி நானே வெட்டினேன். எழுபத்து மூன்று வயதில் அதிகம்தான். மாமாவின் இரண்டு பெண்களுக்கும் இந்த விஷயம் தெரியாது. இதில் யார் பெயரையும் நான் எழுதாததற்கு அதுதான் காரணம். எழுதலாம் என்று அவன் சொல்லிவிட்டான். அவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவனுடைய உரிமை, அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

படத்தை அனுப்பிய அரை மணி நேரத்தில் அவனிடமிருந்து கேள்வி. கல்லில் பிறந்த வருடம் 1915 என்று இருக்கிறது. அவன் அம்மா பூஜை மாடத்தில் வைத்திருந்த சீட்டில் 1914 என்று எழுதியிருந்தாராம். வருஷா வருஷம் அந்தக் கணக்கில்தான் அவருக்கு வயதுக்குப் பழம் வைப்பார். எது சரி?

இது எனக்குத் தெரிந்த வேலை. ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும், பதிவேட்டு அறையில் இன்னும் என்னை உட்காரச் சொல்லி மின்விசிறி போடுகிற ஒரு பையன் இருக்கிறான். இந்தத் தடவை ஞாபகத்திலிருந்து எதுவும் சொல்வதில்லை என்று போனேன். 1914, 1915 இரண்டு எத்தா சிவில் தொகுதிகளையும் எடுத்து, பக்கம் பக்கமாக விரலை வைத்துப் பார்த்தோம். பூச்சி அரித்த ஓரம், பழுப்பு மை. 1914-ம் வருஷத் தொகுதியில் இருந்தது. பிறந்த தேதி, தகப்பனார் தொழில், இரண்டு சாட்சிகள். ஓரத்தில் 1955 கல்யாணக் குறிப்பு. அதற்குக் கீழே ஓரம் வெறுமையாக இருந்தது.

நகல் எடுத்து முத்திரை போட்டு வாங்கி, அன்று மாலையே அவனுக்கு அனுப்பினேன். உன் அம்மா எழுதியதுதான் சரி, கல்லில்தான் தப்பு என்று எழுதினேன்.